பாப்பாவுக்கு ஒரு குறை

செவ்வாய்க்கிழமை காலை. மதுரைக் கருப்பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பந்தி போலக் கூட்டம். அதியனும் பொன்மொழியும் நாற்பத்தொன்றாம் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தவறினால், பிறக்கப்போகும் மகளுக்கு எந்தக் குறை என்பதை இயந்திரமே குலுக்கல் போட்டு எடுத்துவிடும்.

மற்ற குறைகளையெல்லாம் மரபணுவைச் சீராக்கும் ஜீன்சீர் சிகிச்சை கருவிலேயே நீக்கிவிடும். ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்பது சட்டம். எழுபது வருடங்களுக்கு முன்பு ஒன்றுகூட விடாமல் நீக்கிப் பார்த்தார்கள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள்; குற்றமே இல்லாதவர்களுக்கும் சுற்றம் இல்லாமல் போனது. யாருக்கும் யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

இப்போது குறைக்குத்தான் அடிதடி. கூடவே வந்திருந்த அதியனின் அத்தைமார் தங்கள் வம்சத்து மறதியைச் சிபாரிசு செய்தார்கள், செய்ததை மறந்து மறுபடியும் செய்தார்கள். மாமனார் தன் ஆறாம் விரலை ஆட்டிக் காட்டினார். அதியன் விரலின் பக்கம். இரு வீட்டுக் குறைகளின் பட்டியலில் கடைசியாக இருந்த திக்குவாய் அவனுடையது. பள்ளியில் அவன் 'உள்ளேன்' சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மகளுக்கு அது வேண்டாம். அவள் பெயரைக்கூட ரெண்டே எழுத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான், தன் வசதிக்காக.

"வி... விரலே போதும்," என்றான்.

"திக்குவாய்தான் வேணும்," என்றாள் பொன்மொழி. அவளுக்கு விட்டுவைத்த குறை முன்கோபம். இட்லி வேகத் தாமதமானால் அடுப்பைத் திட்டுவாள்.

"பி... பிள்ளை கஷ்டப்படும், மொழி."

"எனக்கு எதுக்கெடுத்தாலும் சுள்ளுனு வரும். நீங்க பேசும்போது என்னைக்காவது வந்திருக்கா? என்னையக் கட்டிக்கிறியான்னு நீங்க ஆரம்பிச்சப்ப, மாட்டேன்னுதான் வாய்ல வந்துச்சு. நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள கோபம் ஆறி, உங்க முகத்தைப் பாத்து, சரின்னு ஆயிருச்சு."

ஏழு வருடக் குடித்தனத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. அதியன் சிரித்தபடி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

பதினொன்று ஐம்பதுக்கு நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். அலுவலர் குலசேகரனின் சட்டையில் 'குறை: அவசரம்' என்று வில்லை குத்தியிருந்தது. அதியன் திரையில் திக்குவாயைத் தொட்டான்.

"யாரு வழிக் குறையோ அவங்க வாயாலதான் சம்மதம்னு சொல்லணும். பச்சை லைட் எரிஞ்சப்புறம் ஊடால வேற யாரு சொன்னாலும் பதிவு ரத்து, குலுக்கல்தான். வெரசா சொல்லுங்க," என்ற குலசேகரன் பொத்தானை அமுக்கினார்.

"ச... ச..."

கடிகாரம் ஐம்பத்து மூன்றைத் தாண்டியது. குலசேகரனின் உதடுகள் தாமாகவே 'சம்' என்று குவிந்தன. பதறிப்போய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் பிதுங்கின. வரிசையில் நின்றவர்கள் மூச்சுவிடவில்லை. அத்தைமாருக்குக்கூட அன்று எதுவும் மறக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் அந்தச் சொல்லை அவனுக்காக முடித்துவைக்கவில்லை.

"சம்... சம்ம... சம்மதம்."

பதிவானதற்கான மணி அடித்தது. கூடமே கைதட்டியது.

"என் சர்வீஸ்ல இம்புட்டு நேரம் நான் வாய மூடுனதில்லய்யா," என்று குலசேகரன் வியர்வையைத் துடைத்தார். "சரி, பாப்பாவுக்குப் பேரு?"

பொன்மொழி அந்த ரெண்டெழுத்துப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதியன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அ... அது வேண்டாம். நீ... நீளமா ஒண்ணு வச்சிருக்கேன்."

குலசேகரன் நாற்பத்திரண்டைக் கூப்பிடாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க தம்பி," என்றார், "மெதுவா."