எட்டுப் பேர் ஊரை விட்டுப் போனார்கள்

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பின்னேரம் இரண்டரை மணிக்கு, அன்புராஜாவின் கார் அந்த ஏரிக்கரையில் வந்து நின்றது. டென்மார்க்கின் வைலே நகரிலிருந்து மேற்கே ஒரு மணி நேர ஓட்டம். ஏரி என்று பெயர்தான். பழுப்பு நிலக்கரி தோண்டிய பெரும் பள்ளம் அது. வேலை முடிந்த பிறகு தண்ணீர் நிரம்பிவிட்டது. கரையோரம் தனியாக ஒரு செங்கல் கட்டடம். பழைய சுரங்கக் கிராமத்தின் ரக்பி கழகம்.

"அரை மணித்தியாலம் காணும். பெட்டியளை எடுத்துக்கொண்டு வாறன்," என்றாள் அவன் மனைவி கிருபாமலர்.

"நானும் வரட்டே?"

"வேண்டாம். நீங்கள் காருக்குள்ள சூடா இருங்கோ."

பதினெட்டு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்று முதுகு பழுதான பிறகு, கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சிச் சபையின் ஆவணக்காப்பகத்தில் அவளுக்கு இந்த வேலை கிடைத்திருந்தது. கழகத்துக்கு எழுபத்தைந்து வயது. அதன் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக்க வேண்டும். தொடக்கக் கதை அவளுக்குப் பிடித்திருந்தது. போருக்குப் பிறகு, வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றிலிருந்து ஈவன் என்றொரு தொழிலாளி இங்கே வேலைக்கு வந்தான். தன் ஊரில் எல்லாரும் பகலில் கரி வெட்டுவார்கள், சனிக்கிழமை ரக்பி ஆடுவார்கள் என்று சொல்லி, இங்கேயும் ஓர் அணியைச் சேர்த்துவிட்டான்.

உள்ளே ஈரச் சுவரின் வாடை அடித்தது. உடுப்பு மாற்றும் அறையைத் தாண்டி, நடையின் கடைசியில் இருந்தது சாமான் அறை. யன்னல் இல்லை. ஒரு மின்குமிழ், இரும்புத் தட்டுகள், சுவரில் 1953ஆம் ஆண்டு அணியின் படம். பதினைந்து பேரில் முன்னால் எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து நின்றார்கள். அகன்ற, சிரிக்காத முகங்கள். ஸ்க்ரம் என்று சொல்வார்களே, குனிந்து தலையைக் கொடுத்து எதிரணியை முட்டித் தள்ளுவது, அதற்கான எட்டுப் பேர்.

கீழ்த் தட்டில் அந்த வருடத்து அறிக்கை இருந்தது. 'இப்பருவத்தில் எட்டு வீரர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.' ஒரே வரி. கீழே கழகத் தலைவரின் கையெழுத்து. சுரங்கத்தின் மேலாளரும் அவர்தான்.

அறிக்கைக்குள் ஒரு சிறிய கொப்பி செருகியிருந்தது. பென்சிலால் எழுதிய ஆங்கிலம். ஈவனின் கையெழுத்து. முதலில் எட்டுப் பெயர்கள். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

'ஒருவனும் போகவில்லை. மணற்சுவர் சரிந்து எட்டுப் பேரையும் மூடியது. இரண்டு நாள் தட்டும் சத்தம் கேட்டது. தோண்டினால் மிச்சச் சுவரும் விழும் என்று தலைவர் தடுத்துவிட்டார். இன்று பள்ளத்துக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.'

கிருபாமலர் அதை இரண்டாம் முறை வாசிக்கும்போது கதவு சாத்திக்கொண்டது.

அடித்துச் சாத்தவில்லை. யாரோ முதுகைக் கொடுத்துச் சாய்ந்தது போல, மெதுவாக.

பிடியைத் திருகினாள். திரும்பியது. தள்ளினாள். கதவு ஒரு மயிரிழை நகர்ந்து, மறுபடி அவள் பக்கமே வந்தது. வெளியிலிருந்து எதுவோ தள்ளியது.

போனை எடுத்தாள். "இஞ்சருங்கோ, கெதியா வாங்கோ. கதவு திறபடுதில்லை."

கார்க் கதவு சாத்தும் சத்தம் போனுக்குள் கேட்டது. பிறகு அவனுடைய சப்பாத்துச் சத்தம், நடை நெடுகிலும். ஆனால் கதவுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை.

"மலர், எந்த அறை?"

"கடைசி அறை. இரும்புத் தட்டு இருக்கிற அறை."

"கதவு திறந்துதான் கிடக்கு. நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன்."

அவள் சுற்றிப் பார்த்தாள். தட்டுகள். படம். மின்குமிழ்.

"சுவரில படம் இருக்கோ?"

"ஓம். பதினைஞ்சு பேர் நிக்கினம். நீ எங்கையப்பா?"

"அந்தப் படத்துக்கு முன்னாலதான் நானும் நிக்கிறன்."

அவன் அறையைச் சுற்றி நடக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மலர், உன்னோட ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஆர் இப்பிடி மூச்சு வாங்கினம்?"

மின்குமிழ் அணைந்தது. போனும் அணைந்தது.

கதவின் கீழிருந்து மணல் வரத் தொடங்கியது. அவள் அதைக் காணவில்லை; கால்விரல்களில் குளிர்ந்து ஏறியது. கணுக்கால். முழங்கால். நனைந்த கரியின் கந்தக நாற்றம் தொண்டையை அடைத்தது. "யேசுவே, யேசுவே," என்றாள். சுவர்கள் நெருங்கி வந்தன. கையை நீட்டினாள், நீட்ட இடம் இல்லை.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் அவளுக்கும் கேட்டது.

ஒன்றல்ல. பல.

ஈரமான, கனமான ஒரு கை அவள் முதுகைச் சுற்றி வந்து விழுந்தது. மறுபக்கத்தாலும் ஒன்று. பின்னால் ஒரு தோள் அவள் இடுப்பை முட்டியது. அவர்கள் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. குனியவைத்தார்கள்.

காதருகில் ஒரு குரல், மணல் நிறைந்த வாயால், டேனிஷில் சொன்னது.

"தள்ளு."

அவள் தள்ளினாள். பழுதான முதுகு கத்தியால் கீறினது போல வலித்தது. மணல் இளகவில்லை. "தள்ளு," என்றது குரல் மறுபடி. இவர்கள் இத்தனை வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. ஒரு நாளும் விடாமல். அந்த நினைப்பில் அவள் ஓலமிட்டு அழுதுகொண்டே, கொப்பியில் கண்ட பெயர்களை நினைவுக்கு வந்தபடி கத்தினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தோள் இறுகியது. எட்டாவது பெயரில் எல்லாம் ஒன்றாக முன்னே சரிந்தது.

அன்புராஜா வெறும் அறையில் நின்று அவளுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினான். நிலத்தில் கிருபாமலர் கிடந்தாள். தலைமயிர், காது, வாய் எல்லாம் மணல். கையில் கொப்பி.

பெப்ரவரியில் புத்தகம் வந்தது. அந்தப் பக்கத்தை விட்டுவிடலாமே என்று இப்போதைய தலைவர் இரண்டு முறை கேட்டார். அவள் விடவில்லை. எட்டுப் பெயர்களும் அச்சில் வந்தன. தேவாலயத்தில் மணி அடித்தார்கள். பேரப்பிள்ளைகள் சிலர் ஏரிக்கரைக்குப் பூக்கொத்துகள் கொண்டுவந்தார்கள். அன்றிரவு, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் படுத்தாள்.

விடிய, வேலைக்கு வெளிக்கிட நின்றவளின் முதுகைப் பார்த்து அன்புராஜா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்னப்பா?"

அவன் கிட்ட வந்தான். இரண்டு தோள்களையும் பின்னாலிருந்து இறுகப் பற்றியது போல அவள் சட்டையில் இரண்டு பெரிய உள்ளங்கைத் தடங்கள் கரிக் கறுப்பாகப் பதிந்திருந்தன. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

ஈரமாக இருந்தது.