மேல்நெல்லிக்காட்டுக்கு வழி

கோகிலவாணி படிக்கும் ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். அதில் ஜீப் ஓட்டும் அம்மா அவளுக்கு மட்டும்தான் இருந்தார்.

அம்மாவின் பெயர் ஜெயசுதா. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன மருத்துவமனையில் ஓட்டுநராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமைதோறும் நர்ஸ் அருள்மொழியையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். கரியாலூர் வரை தார்ச்சாலை. அதற்கு அப்பால் மண்பாதை.

மேல்நெல்லிக்காடு என்ற மலையூரில் முதல் தடுப்பூசி முகாம் நடக்க வேண்டிய சனிக்கிழமை, அம்மா முகம் வாடி வீட்டுக்கு வந்தார். வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று கோகிலா கேட்டாள்.

"வழி தப்பிட்டேன்டி. கரியாலூர் தாண்டினதும் போன்ல சிக்னல் போச்சு. மேப் அப்படியே நின்னுக்கிச்சு. மேல்நெல்லிக்காடு எந்தப் பக்கம்னே தெரியல. மூணு மணி வரைக்கும் சுத்தினோம். டீசல் கம்மியாயிடுச்சு. திரும்பி வந்துட்டோம்."

"டாக்டர் திட்டினாரா?"

"திட்டல. வண்டிக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி நீயே பாத்து வாங்குன்னு சொன்னாரு. அடுத்த வாரமும் போய்ச் சேர முடியலன்னா முகாமைக் கரியாலூருக்கு மாத்திடலாம்னாரு."

"அப்ப மேல்நெல்லிக்காட்டுக்காரங்க எப்படி வருவாங்க?"

"நடந்துதான். பன்னெண்டு கிலோமீட்டர். இடுப்புல கைக்குழந்தைய வெச்சிக்கினு."

கோகிலாவுக்குத் தன் பள்ளிக்கூட வழி நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் தூரம். புத்தகப் பையோடு அதை நடப்பதற்கே அவளுக்குக் கால் வலிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் துருகம் சாலையில் இருந்த கார் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மாயவன் உற்சாகமான மனிதர். கேட்பதற்கு முன்பே ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார்.

"பத்து இன்ச் திரை. பாட்டு கேக்கலாம், படம் பாக்கலாம், வழியும் காட்டும். இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

திரை பளபளவென்று மின்னியது. கோகிலாவுக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, இதுக்கு மேப் எங்கேர்ந்து வருது?"

"இதோ, உங்கம்மா போன்ல இருக்கிற நெட்டுலேர்ந்துதான்."

"அம்மா, போன்ல நெட்டை ஆஃப் பண்ணிப் பாரேன்."

அம்மா அணைத்தார். வரைபடம் நின்றது. மாயவன் வேறு ஓர் ஊரின் பெயரைக் கொடுத்தார். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சுத்திக்கினே இருக்குது" என்றாள் கோகிலா.

"போன சனிக்கிழமை நானும் இப்படித்தான் சுத்தினேன்" என்றார் அம்மா.

மாயவன் சிரித்துக்கொண்டே அதை மூடி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. வரைபடம் அதற்குள்ளேயே இருந்தது. நெட் வேண்டாம். தமிழில் பேசியும் வழி சொல்லும்.

கோகிலா 'மேல்நெல்லிக்காடு' என்று தேடினாள். கருவி யோசித்தது. பிறகு, "நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்" என்று கணீரென்று சொன்னது.

"அதுவும் நல்ல ஊருதான்" என்றார் மாயவன்.

பட்டியலைத் தள்ளிப் பார்த்தபோது அடியில் 'கீழ்நெல்லிக்காடு' என்று ஒன்று இருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "கீழ இருக்குதுன்னா மேலயும் பக்கத்துலதான் இருக்கும். பேசுறதும் நல்லதுதான். நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க வேணாம்."

அப்போது கண்ணாடி அலமாரியின் மூலையில் கிடந்த ஒன்றை கோகிலா பார்த்தாள். கறுப்பாக, தடியாக, பக்கவாட்டில் பொத்தான்களோடு இருந்தது.

"அதுவா? காட்டுல வேலை பாக்குறவங்களுக்குன்னு வந்தது. ரெண்டு வருஷமா இங்கயே கெடக்குது. பேசாது. தமிழ் எழுத்தும் கெடையாது. தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, அவ்ளோதான்."

"இதுக்கு மேல்நெல்லிக்காடு தெரியுமா?"

தேடினார்கள். தெரியவில்லை. கீழ்நெல்லிக்காடுகூட அதற்குத் தெரியவில்லை.

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். "அண்ணா, தெரியாத ஊரை நாம சொல்லிக்குடுத்தா ஞாபகம் வெச்சிக்குமா?"

மாயவன் தலையைச் சொறிந்தார். அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகத்தை எடுத்தார். இருவரும் சேர்ந்து எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் படித்தார்கள். நிற்கிற இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். அதற்கு நாமே பெயர் வைக்கலாம். வண்டி போகப் போக, வந்த வழியைப் புள்ளிப் புள்ளியாகத் திரையில் போட்டுக்கொண்டே வரும்.

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் மாயவன்.

அம்மாவுக்குப் பேசுகிற கருவியை விட மனமில்லை. கோகிலாவுக்குக் கறுப்புக் கருவிமேல் கண்.

"ரெண்டையும் நாளைக்கு மலைக்கு எடுத்துக்கினு போய்ப் பாக்கலாமா அண்ணா?" என்று கோகிலா கேட்டாள். எதற்காக என்பதையும் சொன்னாள்.

மாயவன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடுங்க. திரைமேல ஒட்டியிருக்கிற தாளை மட்டும் உரிச்சிடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஜீப் கிளம்பியது. அப்பா அறுவடை இயந்திரம் ஓட்ட வெளியூர் போயிருந்தார். அதனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு கோகிலாவையும் அம்மா அழைத்துக்கொண்டார். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் கடந்து வண்டி மலையேறியது.

"இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்றது பேசுகிற கருவி.

"நம்ம டாக்டரைவிட மரியாதையா பேசுது" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அருள்மொழி.

கரியாலூர் வரை அது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. கறுப்புக் கருவி கோகிலாவின் கையில் பேசாமல் இருந்தது.

தார்ச்சாலை முடிந்தது. செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பிரிவு வந்தது.

"வலப்புறம் திரும்பவும்" என்றது கருவி.

அம்மா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். வலப்பக்கம் எப்போதோ பாதை இருந்திருக்கிறது. மழையில் அரித்துப்போய் இப்போது ஆள் உயரப் பள்ளம்தான் இருந்தது.

"வலப்புறம் திரும்பவும்" என்றது கருவி மறுபடியும்.

"திரும்பினா பள்ளத்துலதான் கெடக்கணும்" என்று அம்மா முணுமுணுத்தார். அவர் குரலில் போன வாரத்துக் கவலை திரும்பியிருந்தது. மணி ஒன்பதரை.

அந்த நேரம் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். கோகிலாவின் வயதுதான் இருக்கும். ஜீப்பையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ஊசி போடுற வண்டியா?"

"ஆமா. நீ எந்த ஊரு?"

"மேல்நெல்லிக்காடு. எம் பேரு மீனா. போன வாரம் எங்கம்மா தம்பியத் தூக்கிக்கினு பதினோரு மணி வரைக்கும் ஒக்காந்திருந்தாங்க. எல்லாருந்தான். நீங்க வரல. அப்புறம் மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போயிட்டாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அருள்மொழிதான் பேசினார். "இன்னிக்கு வந்துடுவோம்மா. பதினோரு மணிக்குள்ள வந்தாகணும். வழி காட்டுறியா?"

மீனா புல்லுக்கட்டை வண்டியின் பின்னால் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். ஜீப்பில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை.

"இப்படிப் போங்க. நான் டெய்லி இப்படித்தான் போவேன்" என்று கை காட்டினாள்.

வண்டி போனது. பாதை குறுகியது. இருபுறமும் உண்ணிச்செடி கதவை உரசியது. கடைசியில் இரண்டு பெரிய பாறைகள் வந்தன. நடுவில் ஓர் ஆள் போகலாம். ஆடு போகலாம். ஜீப் போக முடியாது.

"நான் இதுக்குள்ள பூந்து போயிடுவேன்" என்றாள் மீனா மெதுவாக.

அம்மா வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்புவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எல்லாமே வெள்ளை. எந்தச் செடிகளுக்கு நடுவே வந்தோம் என்று தெரியவில்லை.

"பாதையைக் கணக்கிடுகிறது" என்றது பேசுகிற கருவி. அதன் பிறகு அதுவும் வாயை மூடிக்கொண்டது.

கோகிலா தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். கறுப்புக் கருவியின் திரையில் ஊரும் இல்லை, சாலையும் இல்லை. ஆனால் அவர்கள் வந்த வழி மட்டும் புள்ளிப் புள்ளியாக, எறும்பு வரிசைபோல இருந்தது.

"அம்மா, நான் சொல்றேன். மெதுவா வா. கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். இப்ப நேரா."

அம்மா ஊர்ந்தார். அம்புக்குறி புள்ளிகளை விட்டு விலகும்போதெல்லாம் கோகிலா சொன்னாள். ஒரு முறை அவள் வலது என்று சொல்வதற்குப் பதிலாக இடது என்று சொல்லிவிட்டாள். செடி கண்ணாடியில் மோதியதும் திருத்திக்கொண்டாள். பத்து நிமிடத்தில் அந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மீனாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "என்னாலதான் லேட்டாயிடுச்சு."

"உன்னால இல்ல" என்றாள் கோகிலா. "நாங்கதான் தப்பாக் கேட்டோம். நீ நடக்குற வழியச் சொன்ன. நாங்க ஜீப்பு போற வழியக் கேட்டிருக்கணும். உங்க ஊர்லேர்ந்து மரவள்ளிக் கிழங்கை எதுல ஏத்திக்கினு போவாங்க?"

"இருசப்பன் மாமா டிராக்டர்ல."

"டிராக்டர் எந்தப் பக்கம் வரும்?"

மீனா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது ஒத்தப் புளியமரத்தைச் சுத்திக்கினு வரும். நேராப் போங்க."

நேராகப் போனார்கள். ஒற்றைப் புளியமரம் வந்தது. கோகிலா பொத்தானை அழுத்தினாள். அதன் பெயரை ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"இன்னா பண்ற?" என்று மீனா கேட்டாள்.

"இதுக்கு உங்க ஊரு தெரியாது. நீ சொல்லு, நான் எழுதுறேன்."

மீனாவுக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு திருப்பத்தைக்கூட அவள் விடவில்லை. "இது வழுக்குப் பாறை. இங்க மாட்டுத் தொட்டி. இங்க கல்லு பேந்திருக்கும், உங்கம்மாவ மெதுவாப் போகச் சொல்லு. இது நாய் தொரத்துற எடம்."

"அதையுமா எழுதணும்?"

மீனா பதில் சொல்வதற்குள் ஒரு பழுப்பு நாய் வேலியைத் தாண்டி வந்து ஜீப்பைத் துரத்தியது. கோகிலா அதையும் எழுதிக்கொண்டாள்.

மேல்நெல்லிக்காட்டில் பெண்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார்கள். மணி பத்து ஐம்பது. ஜீப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். மீனா குதித்து இறங்கித் தன் அம்மா சாலம்மாளிடம் ஓடினாள். சாலம்மாள் நம்பாதவர்போலத் தடுப்பூசிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மகனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முதலாவதாக நின்றார்.

பத்தொன்பது குழந்தைகள். பதினெட்டு ஒன்றுக்குப் பின் ஒன்றாக அழுதன. மீனாவின் தம்பி மட்டும் ஊசி போட்ட பிறகும் அழாமல் அருள்மொழியின் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது யாரிடமும் வழி கேட்கவில்லை. புள்ளிகளைப் பார்த்து கோகிலா சொல்ல, முப்பத்தைந்து நிமிடத்தில் ஜீப் தார்ச்சாலையைத் தொட்டது. அம்மா ஒரு பாட்டை முணுமுணுத்தார். அவர் வண்டி ஓட்டும்போது பாடி கோகிலா கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாயவன் கடையில் அம்மா இரண்டு கருவிகளையும் மேசைமேல் வைத்தார். இரண்டிலும் தாள் உரியாமல் இருந்தது. பிறகு கறுப்பானதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தார் ரோட்டுக்கு அது நல்லாத்தான் இருக்குதுண்ணே. எங்களுக்கு இதுதான் வேணும்."

"இது பேசாதேம்மா."

"பேசலன்னா இன்னா? நாம சொல்றதைக் கேட்டுக்குதே."

மாயவன் அதில் குறித்திருந்த இடங்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நாய் தொரத்துற எடமா?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். கறுப்புக் கருவியை அவரே துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

முகாம் மேல்நெல்லிக்காட்டிலேயே தொடரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மலையூர்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கோகிலாவுக்குப் பள்ளியில் தேர்வு. அம்மாவும் அருள்மொழியும் மட்டும் போனார்கள். சாயங்காலம் அம்மா வந்ததும், கோகிலா முதலில் கருவியைத்தான் வாங்கிப் பார்த்தாள். புதிதாகப் பதினான்கு இடங்கள் சேர்ந்திருந்தன. எல்லாம் பிரிவுகள், ஓடைகள், திருப்பங்கள். கடைசிப் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்துகள் முன்பின்னாகக் கிடந்தன. இரண்டு முறை படித்த பிறகுதான் புரிந்தது.

'மீனா வூடு.'

"அம்மா, இங்க திருப்பம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லதான். அந்தப் பொண்ணே தட்டித் தட்டி எழுதுச்சு. அடுத்த வாரம் நீ வரும்போது வண்டி அங்க நிக்கணுமாம்."

கோகிலா அந்தப் பெயரில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தப் போனாள். பிறகு வேண்டாமென்று அப்படியே விட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.