வெள்ளைத் துணி கட்டிய வீடு

கட்டிலோரம் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல் அங்கே இல்லை.

தெருவுக்கே தையல்கார அக்காவான அவள், இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அது இல்லாமல் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. பகல் தூக்கம் கலைந்து அவள் கையால் துழாவியபோது சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலில் சாயங்காலத்துக்கு முன்பே செம்மண் நிற இருட்டு இறங்கியிருந்தது, பச்சை இலை கருகும் கசப்பு வாடை தலையணை வரை வந்திருந்தது, வெளியே கார் கதவுகள் சாத்தப்படும் ஓசையும் குழந்தைகளின் சிணுங்கலும் சரிவில் இறங்கித் தேய்ந்துகொண்டிருந்தன.

"தம்பி."

கூடம் வரை கேட்கும்படி இன்னொரு முறை கூப்பிட்டாள்.

பயப்பட என்ன இருக்கிறது? தம்பி தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். காட்டுத்தீ வந்தால் தெரு எப்படிக் காலியாக வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். கிளம்புகிறவர்கள் கேட்டில் வெள்ளைத் துணி கட்டிவிட வேண்டும். துணி இருந்தால் உள்ளே ஆளில்லை, வண்டி நிற்காது. அந்தத் துணிகளுக்கெல்லாம் நீல நூலில் ஓரம் அடித்தவள் அவள்.

"நீ தச்சதைப் பாத்தா தீயே வெக்கப்பட்டுத் திரும்பிடும்க்கா" என்று கிண்டல் செய்திருந்தான்.

"நம்ம வீட்டுக்கும் ஒண்ணு எடுத்து வைடா."

"நமக்கெதுக்கு? உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போக மாட்டேனா?"

நேற்று வீட்டுக் கூடத்தில் நடந்த தெருக்காரர்கள் கூட்டம் மட்டும், அவள் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் சட்டென்று அடங்கிப்போனது. "நடக்க முடியாதவங்களுக்காக நிக்கப் போய்…" என்ற எதிர்வீட்டு மருமகளின் குரல் பாதியில் அறுந்தது.

வளைவில் சைரன் கேட்டது. தரையில் சரிந்தாள். முழங்கையால் ஊர்ந்தாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்து எழும்பினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை.

கேட்டில் வெள்ளைத் துணி. நீல ஓரம்.

வண்டி வந்து நின்றது. சைரன் ஓய்ந்தது.

"அண்ணே, இது உங்க வீடுதானே?" பக்கத்து இருக்கையிலிருந்தவன் கேட்டான்.

"ஆமா. அக்காவைக் காலையிலேயே அனுப்பிட்டேன். துணி கட்டியிருக்கே, தெரியல?"

"தம்பி, நான் உள்ளேதான் இருக்கேன்." கண்ணாடியில் அறைந்தாள். "தம்பி."

ஓட்டுநர் இருக்கையில் தம்பி நிமிர்ந்தான். பார்த்தான். அவளைத்தான்.

பிறகு கையை நீட்டி, சைரனை அழுத்தினான்.

வண்டி போய்விட்டது. தட்டும் சத்தம் மட்டும் போகவில்லை. அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை விளிம்பில் அசையாமல் கிடந்தன.

எதிர்வீட்டுக் கேட்டிலும் வெள்ளைத் துணி. அதன் மேலே, ஜன்னலில், அதையொட்டிய படுக்கையை விட்டு எழ முடியாத அந்த வீட்டு மாமனாரின் உள்ளங்கை. பக்கத்து வீட்டுக் கண்ணாடியில் ஒரு நெற்றி. அதற்கப்பால் இன்னொரு கை.

சரிவு நெடுக அவள் தைத்த துணிகள் படபடத்தன. புகை தெருவுக்குள் நுழைந்தது.

தட்டிக்கொண்டே இருந்தார்கள்.