நசுமாருவின் இடது கை

ஹிகாவா நகராட்சியின் பின்பக்க அறைக்குள் இகுமி நுழைந்தபோது, நசுமாரு தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. ஆளுயரக் கத்தரிக்காய். ஊதா உடம்பு, பச்சைக் காம்புத் தொப்பி, காது வரை நீண்ட சிரிப்பு. கத்தரிக்காய்க்குப் பேர்போன அந்த ஊரின் செல்லப் பொம்மை, ஆள் உள்ளே நுழைந்து ஆடும் வேஷம் அது. அதற்குப் பிறந்தநாள் உண்டு, பிடித்த பாட்டு உண்டு, பெயர் போட்ட விசிட்டிங் கார்டுகூட உண்டு. போன கோடைத் திருவிழாவில் அதற்குள்ளேயே வெந்து செத்த நகிசாவுக்குத்தான் எதுவும் இல்லை.

நகிசா இகுமியின் தங்கை.

பொம்மை வேஷத்துக்கு ஒரு விதி இருக்கிறது. உள்ளே ஆள் இருப்பதாக யாரும் மூச்சுவிடக் கூடாது. உள்ளே இருப்பவர் பேசக் கூடாது. குழந்தைகள் எதிரில் தலையைக் கழற்றவே கூடாது. யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே ஒரே பதில்தான்: உள்ளே யாரும் இல்லை.

அந்த விதிக்காகத்தான் அவளைக் கொன்றார்கள். அதற்கு வேறு பெயர் வைக்க இகுமிக்கு மனம் வரவில்லை. மேடையில் கத்தரிக்காய் மண்டியிட்டுச் சரிந்தபோது, சுற்றுலாப் பிரிவுத் தலைவர் குவபாரா தலையைக் கழற்ற விடவில்லை. பாட்டு முடியட்டும் என்றார். முடிந்து, திரைக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கழற்றியபோது நகிசாவின் உதடுகள் உலர்ந்து வெடித்திருந்தன. மறுநாள் நகராட்சி அறிவித்தது, நசுமாருவுக்குக் கோடை அசதி, ஓய்வில் இருக்கிறது என்று. நலம் விசாரித்துக் குழந்தைகள் மூட்டை மூட்டையாக அட்டை அனுப்பினார்கள். கத்தரிக்காய்க்கு! வயிறு எரியாதா?

வேஷத்துக்குள் இருப்பவருக்குக் காலடித் தரை தெரியாது. இடது கையைப் பிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை இகுமி இந்த ஆண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்தது நகிசா என்று ஊரறிய குவபாரா வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அறையில் சோப்பு வாசனையும், அதற்கடியில் புதினா எண்ணெய் வாசனையும் இருந்தன. வெக்கைக்காக நகிசா காதுக்குப் பின்னால் தடவிக்கொள்ளும் எண்ணெய். எத்தனை முறை துவைத்தார்களோ, அது போகவில்லை.

வேஷம் கட்ட வந்தவன் தலையை மாட்டிய வேகத்தில் கழற்றி எறிந்தான். உள்ளே ஏற்கெனவே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினான்.

குவபாரா அவனைத் திட்டித் தீர்த்தார். வேறு ஆள் இல்லை. தானே உள்ளே நுழைந்தார். முதுகு ஜிப்பை இழுத்து மூடியது உதவியாளர் தொகிகோ.

மேடையில் மேளம் அதிர்ந்தது. சில்வண்டுகள் காதைத் துளைத்தன. இகுமி இடது கையைப் பிடித்து நடத்தினாள். கொழுத்த ஊதாக் கையுறை, ஈரமாக இருந்தது.

அது அழுத்தியது.

ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை.

இகுமியின் கால்கள் நின்றுவிட்டன. ஒருமுறை அழுத்தினால் நலம், இருமுறை என்றால் தண்ணீர், மூன்று என்றால் என்னை வெளியே எடு. நகிசா உண்டாக்கிய சைகை அது. சமையலறையில் அக்காவின் கையைப் பிடித்துத்தான் பழகினாள். போன ஆண்டு அவள் கையைப் பிடித்திருந்தவர் குவபாரா. சொல்லிக் கொடுக்கப் போனவளிடம், கத்தரிக்காய்க்கு எதற்குக் கைபாஷை என்று சிரித்தவர். அவருக்கு அது தெரியவே தெரியாது.

மீண்டும் மூன்று.

இகுமி தாவி, மறு கையால் தலையைப் பிடுங்கிக் கழற்றினாள்.

முன்வரிசைக் குழந்தைகள் வீரிட்டார்கள். கண்ணாடி சரிந்த குவபாராவின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"பைத்தியமா உனக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"கைய அழுத்தினது நீங்களா சார்?"

"எந்தக் கைய? இடது கைய அப்பவே உள்ள இழுத்துக்கிட்டேன். இதோ, நெஞ்சுகிட்ட குட்டி விசிறி புடிச்சிருக்கேன்."

உடம்புக்குள் விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

இகுமி குனிந்து பார்த்தாள். அவள் பிடியிலிருந்த காலிக் கையுறை, விரல் விரலாக அவள் கையை இறுக்கியிருந்தது.

குவபாராவும் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது.

"முதுகுல... யாரோ மூச்சு விடுறாங்க," என்றார் மெதுவாக. "ஜிப்ப எறக்கு."

"எறக்குறேன். போன வருஷம் உள்ள இருந்தது யாருன்னு சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. மைக் இங்கதான் இருக்கு."

அவர் மைக்கைப் பார்த்தார். மேயரைப் பார்த்தார். அழும் குழந்தைகளைப் பார்த்தார். அந்த நிலையிலும் அந்த மனிதருக்குப் பழக்கம்தான் முந்திக்கொண்டது.

"உள்ள யாரும் இல்ல," என்று மைக்கில் சிரித்துவிட்டு, வலது கையாலேயே தலையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கையுறை ஒருமுறை அழுத்தியது.

நலம். போதும், விடு.

இகுமி விட்டாள்.

நசுமாரு ஆடியது. முழங்கால் வலியில் படியேறவே முனகும் குவபாராவுக்கு வராத துள்ளல். இடுப்பை ஒடித்துச் சுழன்ற அந்தச் சுழல் நகிசாவுடையது. குழந்தைகள் அழுகையை மறந்து கைதட்டினார்கள். இகுமி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரைக்குப் பின்னால் தொகிகோ ஜிப்பை இறக்கினாள்.

உள்ளே யாரும் இல்லை.

ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

போலீஸ் வந்து கேட்டது, தேடியது, போனது. குவபாரா ஓய்வில் இருப்பதாக நகராட்சி அறிவித்தது. அட்டை ஒன்றும் வரவில்லை.

அடுத்த கோடையில் இகுமியும் தொகிகோவும் அறையைத் திறந்தபோது, பிரித்துப் பெட்டியில் வைத்த நசுமாரு முழுதாக எழுந்து நின்றிருந்தது. புதினா வாசனை. மேளம் தொடங்கியதும் அதுவாகவே வாசலுக்கு நடந்தது. இகுமி தயங்காமல் இடது கையைப் பிடித்தாள். அது இதமாக ஒருமுறை அழுத்தியது.

மறுபக்கம் வலது கையைப் பிடித்து வந்த தொகிகோ, தன் கையை உருவப் பார்த்தாள்.

"இகுமி அக்கா, இந்த வலது கை மூணு மூணு தடவையா அழுத்திக்கிட்டே இருக்கு. விடவே மாட்டேங்குது. உள்ள யாரு, அக்கா?"

இகுமி மேடையைப் பார்த்தபடியே நடந்தாள். கைபாஷை எதற்கு என்று சிரித்தவர் ஒருவழியாக அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"உள்ள யாரும் இல்ல," என்றாள்.