சாப்ட்டியா?

ஒரு வருடமாக அண்ணன் ரெக்ஸிடமிருந்து ஜெசிந்தாவுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். இப்போது பல் பிடுங்கிய இடம்போல எல்லாம் மரத்துக் கிடந்தது. இன்று மாலை செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கப்பலில் அவன் ஒரேயடியாகப் போகிறான் என்பதே பயணிகள் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்தது. போகட்டும் என்று வேலைக்கு வந்துவிட்டாள்.

வேலை வடியரண் அலுவலகத்தில். எல்லார் காதிலும் கண்ணிலும் வடியரண் என்ற வடிகட்டும் கருவி இருந்தது. மோசடிப் பேச்சு என்று பட்டால் குரலை ஊமையாக்கும், எழுத்தை மங்கலாக்கும், பேசியவரை அடைப்புப் பட்டியலில் தள்ளிவிடும். அடைபட்ட குரல்களைக் கேட்டுப் பார்த்து 'அடைத்ததில் பிழை இல்லை' என்று பதிவது ஜெசிந்தாவின் பொறுப்பு. அங்கே யாரும் கேட்டுப் பார்த்ததில்லை, பதிவதோடு சரி. இன்று மட்டும், வீட்டு நினைப்பு வேண்டாமென்று, வடியரண் தொடாத அலுவலகக் காதொலிப்பானை மாட்டிக் கேட்டாள்.

"சாப்ட்டீங்களா மாமா?" "என்னப்பா, சாப்ட்டியா?" குரலுக்குக் குரல் இதேதான். மோசடி எங்கே?

மெல்லப் புரிந்தது. வடியரணுக்குப் பாடமாக ஊட்டியது ஏமாற்றுக்காரர்களின் பேச்சை மட்டும். அவர்கள் அத்தனை பேரும் அக்கறையாகச் சாப்பாட்டை விசாரித்துவிட்டுத்தான் வலை விரித்தார்கள். வீட்டுப் பேச்சை யாரும் அதற்கு ஊட்டவில்லை. இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருகிறவர்களே அதில் தப்பினார்கள், ஏமாற்றுக்காரர்கள் உட்பட.

ரெக்ஸின் பெயரைத் தேடினாள். காலையில் வந்த குரல் இருந்தது.

"ஏட்டி ஜெசி, சாப்ட்டியா? அண்ணன் மேல அப்படி என்ன கோவம்? ஒரு வார்த்தை பேசு, நான் போவல."

திருப்பி அழைத்தாள். பட்டியலில் உள்ளவருக்கு இணைப்பு போகாது. பெயரை நீக்கும் அதிகாரம் மேலதிகாரி ஞானதுரைக்கு மட்டுமே. அவர் அறைக்கு ஓடினாள்.

"சார், ஒரு பேரை உடனே எடுக்கணும். தப்பா அடைச்சிருக்கு."

"புகார் வந்துச்சா?"

"அடைபட்டவங்க புகாரும் அடைபட்டுத்தானே போவும் சார்?"

"சும்மா சொன்னா எப்படிம்மா? எந்த வாக்கியம் தப்பா மாட்டுச்சு? அதை அப்படியே சொல்லு, எடுத்துர்றேன்."

சொன்னாள்.

"என்னம்மா, காதுல விழல."

மறுபடியும் சொன்னாள். அண்ணன் என்றாள், கப்பல் என்றாள், தாளில் எழுதி நீட்டினாள். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மேசைமேல் கிடந்த தன் பணப்பையை மெதுவாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கூடவே இருந்திருக்கியேம்மா," என்றார். "நல்லவேளை, வடியரண் காட்டிக்குடுத்துச்சு."