ஏரிக்குடிலில் பென்சில் சத்தம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, போர்வையை ஆளுக்கொரு முனையாக இழுத்துக்கொள்ளுங்கள். அக்காவும் தங்கையும் ஏரியில் பறவை எண்ணப் போன கதையை இன்றைக்குச் சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். எனக்கும் அது தேவைப்படும்.

பென்சில் சத்தம் கேட்கவில்லையே என்பதுதான் தங்கைக்கு முதலில் உறைத்தது.

அவள் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து முகம்கூடக் கழுவாமல், விடிந்ததும் நேரே ஏரிக்கரை மரக்குடிலுக்கு வந்திருந்தாள். விரலெல்லாம் மருந்து வாடை. கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்துக் கணக்கெடுப்பு, வராமல் இருந்தால் அக்கா விடமாட்டாள். அக்கா தையல்காரி. அம்மா அப்பா போனபின் ஊசியும் நூலுமாகத் தங்கையை ஆளாக்கியவள். அவளை விட்டால் தங்கைக்கு நாதி கிடையாது. "உனக்கு டியூட்டின்னு வாத்துக்குத் தெரியுமாடி? அது பாட்டுக்குப் பறந்துடும்" என்று முந்தின நாள்கூட போனில் கிண்டல்.

அவர்கள் எண்ணுகிற முறை இதுதான். ஒருத்தி தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஏரியின் இடது ஓரத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாகச் சொல்லிக்கொண்டே போவாள். மற்றவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவாள். நடுவில் கண்ணை எடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஏரி உறைந்த நாளில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எங்கே பனி கட்டியாக இருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது என்பது மேட்டிலிருக்கும் குடிலிலிருந்துதான் தெரியும். அதனால் குடிலில் இருப்பவள் குரல் கொடுத்தால்தான் மற்றவள் பனியில் கால் வைப்பாள். இல்லாவிட்டால் கரையைச் சுற்றித்தான் நடை.

அன்றைக்குத் தங்கை வந்தபோது ஸ்டூலின் மேல் அக்காவின் பையும் நோட்டும் இருந்தன. அக்காவைக் காணோம். நாணல் பக்கம் போயிருப்பாள் என்று நினைத்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் கதவு கிறீச்சிட்டது. ஸ்டூல் முனகியது. ஈர மண் வாடை ஒன்று மெல்ல வந்து கழுத்தில் படிந்தது.

"வந்துட்டியாக்கா?"

"வந்துட்டியாக்கா" என்றது பின்னாலிருந்த குரல்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தாள். சிரிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த அசதியை என்னவென்று சொல்ல!

"நாமக்கோழி, பத்து."

"நாமக்கோழி, பத்து."

"இருபது."

"இருபது."

இரண்டு நாள் வெயிலில் பனி முழுக்க இளகி, மேலே மெல்லிசாகத் தண்ணீர் பரவியிருந்தது. ஏரி நடுவில் மட்டும் உறையாத கறுப்புத் தண்ணீர். அதில் பறவைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. மூடுபனி அவற்றின் முதுகைத் தடவிக்கொண்டு போனது. காற்றே இல்லை. ஒரு பறவை இறகை உதறினால்கூடக் கேட்கிற அமைதி. அந்த அமைதியில்தான் பென்சில் உரசுகிற சத்தம் இல்லையே என்று அவளுக்குப் பட்டது. அக்கா அழுத்தி எழுதுகிறவள். பக்கத்து அறைக்குக் கேட்கும்.

"எழுதுறியா?"

"எழுதுறியா?"

இப்போது குரல் அக்காவுடையது போல இல்லை. தங்கையின் சொந்தக் குரல் போலவே இருந்தது.

அவள் தொலைநோக்கியை வலப்பக்கம் நகர்த்தினாள். நாணல். சேறு. நாணலுக்கு முன்னால் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று.

அக்கா.

அக்கரையில் நின்றுகொண்டு, குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு, குடிலைப் பார்த்துச் சிரித்தாள். பனியைக் காட்டி, வரட்டுமா என்று கையால் கேட்டாள்.

தங்கை தொலைநோக்கியை இறுகப் பிடித்தாள். பின்னால் ஸ்டூல் முனகியது. ஈர மண் வாடை காது மடல் வரைக்கும் வந்தது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வராதே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

அதற்குள் பின்னாலிருந்து அவள் குரல், அச்சு அசல் அவள் குரலே, ஏரி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டது.

"நல்லா கட்டியா இருக்குக்கா. குறுக்கே வா."

"வராதே" என்று இவள் கத்தினாள். தொண்டையிலிருந்து வெறும் ஆவிதான் வந்தது.

தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அக்கா பனியில் கால் வைத்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. சிரித்துக்கொண்டே. பறவைகள் மெல்ல விலகி வழிவிட்டன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சிவப்புத் தொப்பி மட்டும் தண்ணீரில் மிதந்தது.

"ஒண்ணு" என்றது பின்னாலிருந்த குரல்.

பிறகு பென்சில் உரசத் தொடங்கியது. அழுத்தமாக. நிதானமாக.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் போன காலோடு திரும்பி வரட்டும். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் கூப்பிடும்போது, பதில் சொல்வது உங்கள் வீட்டு மனுஷராகவே இருக்கட்டும்.