வறண்ட ஏரியில் ஒரு குறுக்கு வழி

ட்ரிங்... ட்ரிங்...

காரின் ஸ்பீக்கர் அலறியது.

டார்லாவின் போன்! அவள் அதைக் காரிலேயே விட்டுவிட்டுப் பெட்ரோல் பங்க் கடைக்குள் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். அவசரமோ என்னவோ என்று பக்கத்து ஸீட்டிலிருந்த நோரீன் பட்டனை அழுத்தினாள்.

"டார்லா கண்ணு! அவளை இறக்கி விட்டுட்டியா?"

ரஸ்ஸின் குரல். நோரீனின் புருஷன் ரஸ்!

"தண்ணி கேன் ஒண்ணைக்கூட விட்டுட்டு வராதே. நூத்திப் பதினஞ்சு டிகிரி... நாலு மணி நேரத்துல வெயிலே நோரீன் கதையை முடிச்சிடும். வழி தவறிப் போயிட்டாள்னு சொல்லிக்கலாம். கேக்குதா?"

"ம்..." என்றாள் நோரீன்.

லைன் கட்டானது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பதினேழு வருஷக் கல்யாணம்! ஆறு வருஷ சிநேகிதம்! 'நாம ரெண்டு பேர் மட்டும் பாலைவனத்துல அந்தப் பழைய வெள்ளிச் சுரங்கத்தைப் பார்த்துட்டு வரலாம்டி' என்று காலையில் டார்லா கொஞ்சினாளே... இதற்குத்தானா?

ஓடிவிடலாம். ஓடினால்? இன்றைக்குத் தப்பினால் நாளைக்கு வேறு ஏதாவது செய்வார்கள். கையும் களவுமாகப் பிடித்தால்தான் உயிர் மிஞ்சும்!

கழிவறைப் பக்கம் போய், தன் போனில் ஒரு நம்பரை அழைத்துப் பேசினாள். இரண்டே நிமிடம்.

கார் புறப்பட்டது. ஐந்தாவது மைலில் சிக்னல் செத்தது.

"என்னடி, முகம் உர்ருன்னு இருக்கு?"

"வெயில்டி."

"காலையில சொன்னேனே, நேரா அந்த வெள்ளிச் சுரங்கத்துக்கே போலாமா? போட்டோவுக்கு சூப்பரா இருக்கும்!"

"போலாமே! திரும்பறப்போ சுத்தவே வேணாம். கீழே வெள்ளையாத் தெரியுது பார்... வறண்ட ஏரி. சிமெண்ட்டுத் தரை மாதிரி. குறுக்கே விட்டா பத்தே நிமிஷத்துல ஹைவே!"

டார்லாவின் கண்கள் மின்னின. சிகாகோக்காரி. பாலைவனத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

சுரங்கம் வந்தது. நோரீன் இறங்கினாள்.

க்ளிக்!

கதவுகள் பூட்டிக்கொண்டன. கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கியது.

"என்னடி விளையாட்டு?"

"விளையாட்டு இல்லடி. எனக்கு ரஸ் வேணும்."

"கேட்டிருந்தா நானே பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்பேனே!"

"உன் வீட்டோட வேணுமே!"

"அடிப்பாவி! உன் ஆபரேஷனப்போ பத்து ராத்திரி ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சவடி நான்!"

"அதுக்கு தேங்க்ஸ். வரட்டா?"

கார் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் பறந்தது. நோரீன் ஒரு கல்லை எடுத்து அதன் பின்னால் வீசினாள். இன்னொன்றையும் வீசினாள். பிறகு வாயைத் திறந்தாள்... அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்!

"திட்டி முடிச்சாச்சா?"

தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து எம்மெட் வந்தார். வயது அறுபது. நின்றுபோன கார்களை லாரியில் கட்டி இழுப்பவர். அந்தச் சின்ன ஊரில் போலீஸ் தலைவரான ஷெரீஃபுக்குத் துணை அதிகாரியும் அவரேதான். நோரீன் போனில் பேசியது அவரிடம்தான்!

"எல்லாம் வீடியோல இருக்கு, நோரீன். ஆனா அந்த வேகத்துக்கு என் லாரியால துரத்த முடியாதே!"

"துரத்த வேணாம். அங்கே பாருங்க."

கீழே வெள்ளை வெளியில் கார் சீறிக்கொண்டு போனது.

திடீரென்று அதன் மூக்கு கவிழ்ந்தது!

ஏரியின் மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு. அதற்கு அடியில் போன வாரத்து மழை குடித்த சேறு! உள்ளூர்க்காரன் எவனும் அதில் சக்கரம் வைக்க மாட்டான்.

லாரி கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போனது. நோரீன் ஸீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள். டார்லா முழங்கால் சேற்றோடு ஓடி வந்தாள்.

"சார்! என் ஃப்ரெண்டு சுரங்கத்துல விழுந்து செத்துட்டா! உதவி கேக்கத்தான் வந்தேன்!"

நோரீன் கதவைத் திறந்தாள்.

"எப்படிடி செத்தேன்? கொஞ்சம் விவரமா சொல்லு. எனக்கே தெரியணும்!"

டார்லாவின் முகம் வெளுத்தது.

"நோரீன்... எல்லாம் ரஸ் போட்ட திட்டம்! மெசேஜ்கூட என் போன்ல இருக்கு! என்னை மன்னிச்சுடுடி!"

"மன்னிக்கிறதா? நாலு மணி நேரம் தண்ணியில்லாம வெயில்ல நின்னுட்டு வந்து கேளு, யோசிக்கிறேன்!"

எம்மெட் விலங்கை மாட்டினார்.

"சார்... என் கார்! புதுக் கார் சார்! மூழ்குது! முதல்ல அதை இழுங்க!"

எம்மெட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கைது இலவசம்மா... காரை இழுக்கத்தான் காசு!"